இருபது மூச்சு

திங்கட்கிழமை காலை, வெறும் காற்றை முகர்ந்துவிட்டு இயந்திரம் முப்பத்திநான்கு என்று காட்டியது.

பத்தைத் தாண்டக் கூடாது. கரி நிரப்பிய குழாய் வழியே வடிகட்டிய காற்றைத்தான் முதலில் அதற்குக் கொடுப்பார்கள், யாருடைய மூச்சும் படாத காற்று. ஆறு, ஏழு என்று வந்தால் இங்கே யாரும் இல்லை என்று பொருள். ஒரு வருடமாக பிரிஜெட் தினமும் ஒன்பது மணிக்கு இதைச் செய்கிறாள். எட்டைத் தாண்டி அவள் பார்த்ததில்லை. கரியை மாற்றினாள். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி உதறி மாட்டினாள். தெருவில் யாரோ காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை வந்திருக்கும் என்று ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டுக் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மறுபடி ஓட்டினாள். முப்பத்தாறு.

அந்த இயந்திரத்துக்கு டாக்டர் ஸ்ரீஹர்ஷா வைத்த பெயர் ‘மூகு’. கன்னடத்தில் மூக்கு. மல்லேஸ்வரத்தில் அவருடைய அப்பா கட்டின வீட்டின் பின்பக்க அறையில், இரண்டாயிரத்து இரண்டாம் வருஷத்துப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றோடு அதை இணைத்து வைத்திருந்தார். காசநோய் வந்த குழந்தைகளுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது. சளி இல்லாமல் பரிசோதனை இல்லை. ஆனால் எந்தக் குழந்தைக்கும் ஊதத் தெரியும். ஒரு பிளாஸ்டிக் பையில் ஊதச் சொல்லி, பையை மூகின் வாயில் மாட்டினால், அதற்குள் இருக்கிற எட்டு உணரிகள் அந்த மூச்சை முகர்ந்து, ஆரோக்கியமான குழந்தைகளின் மூச்சோடு அது நூற்றுக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும். எண்பதுக்கு மேல் நார்மல். ஐம்பதுக்குக் கீழே சந்தேகம்.

ஆளே இல்லாத அறைக்கு முப்பத்தாறு என்றால் என்ன பொருள் என்று பிரிஜெட்டுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை நினைக்காமல் இருக்க அவள் பதிவேட்டில் ‘ஏழு’ என்று எழுதினாள்.

பொய் எழுதுவது அவளுக்குப் புதிதில்லை. உணரிகளின் மோப்பம் வாராவாரம் கொஞ்சம் மாறும் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கும் ரெஃபரன்ஸாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிதாக இருபது ஆரோக்கியமான குழந்தைகளின் மூச்சு வேண்டும், காலையில் வெறும் வயிற்றில். குழந்தைகளைச் சோதிக்க ஆரம்பித்தபோது அதைக் கொண்டுவருவது பிரிஜெட்டின் பொறுப்பாயிற்று. அவள் விவேக் நகரில், குழந்தை ஏசு கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் குடியிருந்தாள். சந்து முழுக்கக் குழந்தைகள், இருபது என்ன, நாற்பது தேறும் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். முதல் இரண்டு வாரம் தேறியது. அப்புறம் பக்கத்து வீட்டு முத்தம்மா வாசலில் நின்று கத்தினாள்.

“ரத்தம் எடுத்தாகூட ஊறிக்கும்மா. மூச்ச பையில புடிச்சிகினு போறியே, அத்த எங்க கொண்டுபோயி வுடுவ? எம் பேரப்புள்ள மூச்சு யாரு வூட்லயோ சுத்தினு கெடக்கணுமா?”

அதோடு சந்தின் கதவுகள் சாத்திக்கொண்டன. அடுத்த திங்கட்கிழமை விடியற்காலையில், காலிப் பைகளைக் கட்டிலில் பரப்பிவிட்டு, ஒன்பது வயது மகள் ரெஜினாவை எழுப்பி உட்கார வைத்தாள் பிரிஜெட். கணவன் மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறான். வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். இருபது பைகளையும் ரெஜினாவே ஊதினாள். லேபிளில் நம்பரும் ‘நார்மல்’ என்றும் எழுதி ஒட்டுவது பிரிஜெட். ரெஜினாவுக்கு அது விளையாட்டு. ஒவ்வொரு பையையும் ஊதி முடித்து, கழுத்தை இரண்டு விரலால் நெரித்துப் பிடித்துக்கொண்டு கேட்பாள்.

“நான் நார்மலா மா?”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் பிரிஜெட் நிமிராமலே, லேபிளில் எழுதிக்கொண்டே சொல்வாள். “நார்மல், நார்மல். அடுத்தத ஊது.”

ஏழு வாரம் அப்படியே நடந்தது. மூகுக்கு ஆரோக்கியம் என்றால் ரெஜினாவின் மூச்சு, வேறொன்றும் இல்லை.

அந்த ஏழு வாரத்தில்தான் ரெஜினா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போனாள், ஒருநாள் படுக்கையை நனைத்துவிட்டு அழுதாள். யூனிபார்ம் பாவாடைக்கு ஊக்குப் போட வேண்டியிருந்தது. பைகளில் ஒரு வாசனை வந்தது. கனிந்து நைந்த அன்னாசிப்பழ வாசனை. பள்ளிக்கூட வாசலில் மிளகாய்ப்பொடி தூவி விற்கிற அன்னாசித் துண்டைத் தின்றுவிட்டு வருகிறாள் என்று பிரிஜெட் நினைத்தாள். வெறும் வயிற்றில் ஊத வேண்டுமே, இவள் இப்படிச் செய்கிறாளே என்று கோபம்.

“குழந்தை ஏசு சத்தியமா சாப்பிடல மா.”

“கோயில்பேர சொல்லிப் பொய் வேறயா?” என்று கன்னத்தில் ஒன்று வைத்தாள். ரெஜினா அழவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டே அடுத்த பையை எடுத்தாள்.

ஆறாவது வாரம், பிள்ளை இப்படி இளைக்கிறதே, தான் தினமும் தொடுகிற காசநோய்தான் ஒட்டிக்கொண்டதோ என்று பிரிஜெட் சந்தேகப்பட்டாள். ஒரு மாலை அவளை ஆய்வகத்துக்கே கூட்டிவந்து ஊதச் சொன்னாள். தொண்ணூற்றேழு. பச்சை எழுத்தில் நார்மல். “பாத்தியா மா, நான் நார்மல்!” என்று ரெஜினா குதித்தாள். அந்த நிம்மதியில் பிரிஜெட் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட்டாள். அவளோடு அவளையே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறோம் என்பது அந்த நிமிஷத்தில் உறைக்கவே இல்லை.

அதற்குப் பதினோராவது நாள் ரெஜினா வாந்தி எடுத்தாள். ஓடிவந்தவள் போல ஆழமாக, வேகமாக மூச்சு விட்டாள். அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டர் குனிந்து அவள் வாயருகே ஒரு தடவை முகர்ந்தான். ஒரே தடவை. “சர்க்கரை. எத்தனை நாளா இந்த வாசனை?” என்று நிமிர்ந்து கேட்டான். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு மாத விடுப்பு முடிந்து அவள் திரும்பி வந்த முதல் நாள்தான் இந்தத் திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை வெறும் காற்றுக்கு நாற்பத்தைந்து. புதன்கிழமை ஐம்பத்தெட்டு.

பைகளை யாரும் வைத்திருப்பதில்லை. முகர்ந்து முடித்ததும் உள்ளே இருப்பதைப் பம்ப் இழுத்து, சுவரில் போட்ட ஓட்டை வழியாகக் கொல்லைப்பக்கம் துப்பிவிடும். பையைக் கழுவி அடுத்த வாரம் மறுபடி உபயோகிப்பார்கள். அப்படி அந்தச் சுவருக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில், ரெஜினாவின் மூச்சு நூற்றுநாற்பது பை துப்பப்பட்டிருக்கிறது. எங்க கொண்டுபோயி வுடுவ என்று முத்தம்மா கேட்டது பிரிஜெட்டின் காதிலேயே இருந்தது. புதன்கிழமை மத்தியானம் அவள் கொல்லைப்பக்கம் போய், அந்த ஓட்டைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகர்ந்து பார்த்தாள். ரப்பர் வாசனை. ஈர மண். அவ்வளவுதான். எழுந்து உள்ளே வந்து கதவைச் சாத்தியதும், அறைக்குள், மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவே, ஒன்பது வயதுப் பிள்ளையின் வாய் இருக்கக்கூடிய உயரத்தில், நைந்த அன்னாசி மணத்தது.

டாக்டர் ஸ்ரீஹர்ஷா உள்ளே வந்தார். நல்ல மனிதர், சாவுக்கு வந்து கல்லறை வரை நடந்தவர். அவள் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசினார்.

“பிரிஜெட், உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் பாத்தேன். ஆனா வர்ற திங்கட்கிழமை ஸ்கூல் கேம்ப் முடிவாயிடுத்து. முந்நூறு குழந்தைகள். ரெஃபரன்ஸ் பழசே இருக்கட்டும், நீங்க இப்போ போய் வீடு வீடா அலைய வேண்டாம்.”

“சரி சார்.”

“அது போறும். அவ்வளவு அழகான ரெஃபரன்ஸ் யாருக்கும் கிடைக்காது. இருபது குழந்தைகளும் ஒரே குழந்தை மாதிரி ஊதியிருக்கா, பாருங்கோ.”

திரையில் இருபது புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து கிடந்தன. அறையில் இருந்த வாசனை அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது. பிரிஜெட் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

முந்நூறு குழந்தைகள். அதில் ஒன்றே ஒன்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிற பிள்ளையாக இருந்தால், அதன் மூச்சைத்தான் மூகு எல்லாவற்றையும்விட ஆரோக்கியம் என்று சொல்லும். அந்தத் தாயும் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். அதைத் தடுக்க வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் ரெஃபரன்ஸை அழித்துவிடுவார்கள். உலகத்தில் ரெஜினாவின் மூச்சு மிச்சமிருப்பது அந்த ஒரு ஃபைலில்தான். ரெஜினா இங்கே வந்தால் அடையாளம் சொல்ல, அதைவிட்டால் வேறு எதுவும் இல்லை.

வியாழக்கிழமை எழுபத்தொன்று. அன்று மாலை கோயிலில் வழக்கமான கூட்டம். மெழுகுவத்தியும் பூவும் வேர்வையும் கலந்த வாசனை சந்து வரைக்கும் நிறைந்திருந்தது. பிரிஜெட் உள்ளே போகவில்லை, வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. அந்தப் பிள்ளை சத்தியம் செய்தது இந்தப் பெயரில்தான். அன்று அவள் அதை நம்பவில்லை. அந்த அறையில் இருப்பது தன் மகள் என்றால் தனக்கு ஏன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை என்று நினைத்து நினைத்து அவள் தன்னையே வெறுத்தாள். பயமாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயம்.

வெள்ளிக்கிழமை எண்பத்தாறு. பச்சை எழுத்து. ஆளில்லாத அறையைப் பார்த்து மூகு நார்மல் என்றது.

அவள் நேரே முன்கட்டுக்குப் போய், சாப்பிட உட்கார்ந்திருந்த டாக்டரிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எண்களைப் பற்றிச் சொல்லவில்லை. பைகளைப் பற்றியும், ரெஜினாவை இங்கே கூட்டிவந்து ஊத வைத்ததைப் பற்றியும் சொன்னாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

“ஏழு வாரமுமா?”

“ஆமா சார்.”

“அவளையே... அவளோடயே வெச்சா பாத்தோம்?” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாளைக்குக் கார்த்தால இந்தத் தெருவிலேயே நான் இருபது குழந்தைகளைப் பிடிக்கறேன். நீங்க வந்து ஓட்டிக் கொடுங்கோ. வேற யாருக்கும் தெரிய வேண்டாம்.”

சனிக்கிழமை காலை இருபது பேர் வந்தார்கள். இருபது வெவ்வேறு பிள்ளைகள், சிரித்துக்கொண்டு, இடித்துக்கொண்டு. திரையில் புள்ளிகள் தாறுமாறாகச் சிதறின. இப்படித்தான் இருக்கும், நிஜமாகவே இருபது பேர் ஊதினால். மத்தியானம் டாக்டர், கேம்ப் நடக்கப்போகிற பள்ளிக்கூடத்தைப் பார்க்கக் கிளம்பினார். பழைய ஃபைலை அழித்துவிட்டு, வெறும் காற்று ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. முருங்கை இலையில், ஓட்டில், கொல்லையில் கவிழ்த்து வைத்த தகர வாளியில் என்று மூன்று விதமான சத்தத்தில் மழை பெய்ய, அறைக்குள் வெளிச்சம் குறைந்து, அலமாரியில் வரிசையாகத் தொங்கிய காலிப் பைகள் சாம்பல் நிறமாகத் தெரிய, கம்ப்யூட்டர் மட்டும் அழிக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டு நின்றது. பிரிஜெட் வெகுநேரம் விரலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். “மன்னிச்சிக்கோடி கண்ணு,” என்று சொல்லிவிட்டு அழுத்தினாள்.

ஃபைல் போய்விட்டது. அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

வெறும் காற்றை ஓட்டினாள். ஆறு.

இங்கே யாரும் இல்லை. அறையில் வாசனையும் இல்லை, மழையும் ரப்பரும்தான். அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கல்லறையில்கூட அழாத அழுகையை அழுதாள். போய்விட்டாள். இப்போதுதான் நிஜமாகவே போய்விட்டாள்.

பிளாஸ்டிக் நெரிகிற சத்தம் கேட்டது.

மெல்லிய சத்தம். மழைக்கு நடுவே அது கேட்டிருக்கவே கூடாது. தலையைத் தூக்கினாள். மூகின் வாயில் மாட்டியிருந்த காலிப் பையின் ஒரு மூலை நிமிர்ந்திருந்தது. காற்றாக இருக்கும். ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது. பம்ப் திருப்பி ஊதுகிறதோ என்று சுவிட்சைப் பார்த்தாள். பம்ப் நின்றிருந்தது.

பை கொஞ்சம் உப்பியது. நின்றது. மறுபடி கொஞ்சம் உப்பியது.

இடைவெளி விட்டு, இடைவெளி விட்டு. ஆழமாக. வேகமாக. ஓடிவந்த பிள்ளையின் மூச்சு. அந்தக் கடைசி ராத்திரியின் மூச்சு.

அன்னாசி வாசனை.

பை நிறைந்தது. கழுத்துப் பக்கம் இரண்டு விரல் நெரித்துப் பிடித்தது போல் சுருங்கியது. பம்ப் தானாக ஓடியது. திரையில் எண் ஏறியது. பத்து. பதினெட்டு. இருபத்திரண்டு.

நின்றுவிட்டது.

சிவப்பு எழுத்து. சந்தேகம்.

பிரிஜெட் மூச்சுவிடவில்லை. அறையில் எதுவும் அசையவில்லை. ஆனால் யாரோ திரையைப் படித்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுத்துக்கூட்டி, மெல்ல. ஏழு வாரமும் நார்மல் என்று சொல்லப்பட்ட பிள்ளை முதல் தடவையாக அதைப் படித்தது.

பை மறுபடி உப்பியது. இந்தத் தடவை வேகமாக. இன்னும் கஷ்டப்பட்டு. இருபத்திரண்டு. சிவப்பு.

மறுபடி. இருபத்தொன்று. சிவப்பு.

மறுபடி.

சரியாக ஊதவில்லை என்று நினைத்துக்கொண்டது. இன்னும் நன்றாக ஊதினால் பச்சை வரும் என்று நினைத்துக்கொண்டது. பிளாஸ்டிக் விம்மியது. அடங்கியது. விம்மியது. இருபது. பத்தொன்பது. ஊத ஊத எண் இறங்கியது. இறங்க இறங்க இன்னும் வேகமாக ஊதியது.

“போதும்,” என்றாள் பிரிஜெட். “போதும்டி. மூச்சு வாங்குது பாரு. போதும்.”

சத்தம் நின்றது. பை நிறைந்தபடி நின்றது. கழுத்து நெரிந்தே இருந்தது. அவளுக்குப் பக்கத்தில், முழங்கை உயரத்தில், காற்று சூடாக இருந்தது.

காத்திருந்தது.

எதற்கென்று அவளுக்குத் தெரியும். ஓடலாம். கதவு நாலடியில் இருந்தது. அவள் கதவைப் பார்த்தாள். பிறகு டிராயரை இழுத்து ஒரு லேபிளையும் பேனாவையும் எடுத்தாள். லேபிளை மேஜைமேல் வைத்து ‘நார்மல்’ என்று எழுதினாள். அந்தக் கொடிய பொய்யை, எட்டாவது வாரமாக. எழுதி, அந்த வெதுவெதுப்பான பையின்மேல் ஒட்டினாள்.

“நார்மல்டி கண்ணு,” என்றாள். “நீ நார்மல்.”

பையின் கழுத்து விட்டது. மெல்ல, பெருமூச்சு விட்டது போல, பை அடங்கியது. அன்னாசி வாசனை அவள் முகத்தில் அடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதை உள்ளே இழுத்தாள், முடிந்த மட்டும் இழுத்தாள்.

கண்ணைத் திறந்தபோது, அலமாரியில் தொங்கிய பைகளில் முதலாவது உப்ப ஆரம்பித்திருந்தது. அது நிறைந்தது. கழுத்து நெரிந்தது. காத்திருந்தது.

பிரிஜெட் அடுத்த லேபிளை எடுத்தாள்.